மூணு பலகை

பிலோமினா இன்னும் அந்த ஸ்விட்சைப் போடவில்லை. பத்து மணிப் பூசைக்குக் கிளம்பிய அருளப்பனின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் அடங்கிய உடனே டிவிக்குப் பின்னால் ஒயரைச் செருகிவிட்டாள், அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டாள், பாயை விரித்து உட்கார்ந்தும்விட்டாள். தலைவலி என்று புருஷனிடம் சொன்ன பொய்க்கு மாதாவிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. இனி ஸ்விட்ச் ஒன்றுதான் பாக்கி. பூசை முடிந்து, சாமியாரிடம் இரண்டு வார்த்தை பேசி, கறிக்கடை வரிசையில் நின்று அவர் வீடு திரும்பப் பதினொன்றரை ஆகும். அதற்குள் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்ற எண்ணம் வந்ததுமே வாயில் எச்சில் வற்றியது, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், மறுபடி வற்றியது. முன்னால் தரையில் இருந்தது அந்தக் கருவி. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவு, சாம்பல் நிற அலுமினியம், தொட்டால் கோயில் தூண் போலக் குளிர்ச்சி, தூக்கினால் அந்த அளவுக்குப் பொருந்தாத கனம். நாற்பத்தோராயிரம் ரூபாய். சின்ன வயதில் ஊரெல்லாம் பிளாஸ்டிக்கில் விற்ற அதே டிவி கேம்தான். அன்று அதற்கு ஏங்கிய பிள்ளைகள் இன்று சம்பளக்காரர்களாகிவிட்டார்கள் என்று தெரிந்து வெளிநாட்டில் யாரோ அதையே உலோகத்தில் இழைத்து விற்கிறார்கள். பழைய கேசட்டைக்கூடச் செருகிக்கொள்ளலாம். அதே விளையாட்டு, அதே சத்தம், அதே கட்டம் கட்டமான படம். நாற்பத்து நாலு வயசுப் பொம்பளைக்கு இது எதற்கு என்று யாரும் நேரில் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை கூரியர் வந்தபோது அருளப்பன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். விலை என்ன என்று கேட்டார், அவள் மறைக்காமல் சொன்னாள். ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் நடத்துகிறவர் அவர். கோபம் வந்தால் பேச மாட்டார், சாமானைத் தொட்டுப் பார்ப்பார். கருவியின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்து, மில்லிங்கில் இழைத்தது சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போய்விட்டார். குழாய் கொஞ்சம் அதிக நேரம் ஓடியது. மகள் சென்னைக்குப் படிக்கப் போனதிலிருந்து இவளுக்கு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, அதனால் எதையோ பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். மார்ச் மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஆயிரத்தெண்ணூறுக்கு இதே மாதிரி பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கினாளே, அப்போது அவர் சிரிக்கத்தான் செய்தார். அதில், சின்ன வயசில் விளையாடிய ஆட்டத்தின் அந்த மூணு பலகையில் அவள் விழுந்தாள். நாற்பது தடவை விழுந்தாள், எண்ணினாள். அழுத்துகிறோம், ஆனால் திரையில் இருக்கிறவன் ஒரு இமை நேரம் கழித்துத்தான் குதிக்கிறான். விரல் தாமதமா, மெஷின் தாமதமா? ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனை நோண்டி நோண்டிப் படித்தாள். மலிவு மெஷினில் தாமதம் உண்டு என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். அன்றைக்குத் தயிர்சாதம் எவ்வளவு ருசியாக இறங்கியது. அப்புறம்தான் இந்த அலுமினியத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாள். இந்த விலை தகுமா தகாதா என்று அங்கே ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு நிறம், ஒருவருக்கு அந்தக் கனம், இன்னொருவர் இந்தக் காசுக்கு மலிவானது இருபது வாங்கித் தெருவுக்கே கொடுக்கலாம் என்று நக்கலடித்திருந்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் எழுதியிருந்தது மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டது. இந்த மெஷினில் ஒரு துளி தாமதம் கிடையாது, நீங்கள் காசு கொடுப்பது சாக்குச் சொல்ல முடியாத நிலைக்கு, இதில் தோற்றால் தோற்றது நீங்கள்தான். நாலு நாள் அந்த வரியோடு பஸ்ஸில் போய் வந்தாள். ஐந்தாம் நாள் வாங்கிவிட்டாள்.

தாமதம் விரலில்தானா என்று எழுநூறு ரூபாய் கட்டினால் டாக்டர் சொல்லிவிடுவார், அது தெரியாதவளா அவள். பத்தொன்பது வருஷமாக அதே ஆஸ்பத்திரியின் லேபில் ரத்தம் எடுக்கிறவள். நரம்பு டாக்டரின் அறை இவள் அறையிலிருந்து நாலாவது கதவு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தட்டு, வேகமாத் தட்டு என்பார், நட என்பார், மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். அவ்வளவுதான், அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்வார். சொல்வதற்குள் வரவேற்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், கேன்டீனுக்குத் தெரியும். அந்தப் பெயர் உள்ளவர்களின் கையை அவள் எத்தனை பிடித்திருக்கிறாள். ரப்பர் பட்டை கட்டக் கையை நீட்டச் சொன்னால் அது வழுக்கி வராது, பல்சக்கரம் போல விக்கி விக்கி வரும். சில நாள் பஸ்ஸில் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள், ஒரு நாள் விக்குகிற மாதிரி இருக்கும், ஒரு நாள் இருக்காது, பஸ் குலுக்குகிறதா கை குலுங்குகிறதா என்று யாரால் சொல்ல முடியும். ஜனவரியில் ஜாக்கெட் கொக்கி மாட்ட நேரமானது. ரெஜிஸ்டரில் எழுத்து வரவரச் சிறுத்து, வரிக்கடைசியில் எறும்பு போல ஆனது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, ஏம்மா ஒரு கைய வீசாமலே நடக்குற என்றாள், தோள்பை என்று சொல்லிச் சமாளித்தாள். கொக்கி துருப்பிடித்திருக்கலாம், பேனா சரியில்லாமல் இருக்கலாம், பை கனமாக இருக்கலாம். அந்தக் குழந்தை? அதற்கு என்ன சொல்வது. மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த நாலு வயசுப் பிள்ளை, ரோஸ் கலர் சட்டை, அழக்கூட இல்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தது. ரத்த நரம்பு விரலுக்கடியில் தெளிவாகத் தெரிந்தது, ஊசி உள்ளே போனது, கட்டைவிரல் ஒரு இழு இழுத்தது, நரம்பு போய்விட்டது. அரிசிமணி அளவு நீலம், அப்புறம் நெல்லிக்காய் அளவு. அப்போதுதான் பிள்ளை அழுதது. அந்தத் தாய் சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும். பரவாயில்ல சிஸ்டர் என்றாள். அந்தப் பரவாயில்ல இன்னும் உள்ளே கிடந்து அறுக்கிறது. அதிலிருந்து குழந்தைகளைக் கூட வேலைபார்க்கும் ஷாஹிதாவிடம் தள்ளிவிடுகிறாள். குழந்தைங்களுக்கு நீங்கதானே எடுப்பீங்கக்கா என்று ஷாஹிதா கேட்டதற்குக் கண் சரியில்லை என்றாள். ஷாஹிதா அவள் கண்ணைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

போட்டுவிட்டாள். போட வேண்டும் என்று நினைத்துப் போடவில்லை, கை போய்ப் போட்டுவிட்டது. திரை கறுத்து, நீலமாகி, அந்தச் சத்தம், டுட்டுட்டூ என்று மூக்கால் பாடுகிற மாதிரி, முப்பத்திரண்டு வருஷத்துக்கு அப்புறமும் முதுகுத்தண்டில் ஏறியது. லாந்தரைக் கையில் பிடித்துச் சுரங்கத்துக்குள் ஓடுகிற குட்டி ஆள். விளையாட்டின் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது, பொன்மலை ரயில்வே காலனியில் எல்லாருக்கும் அவன் சுரங்கத்தான். முதல் ஸ்டேஜ், எலிகள். தாண்டினாள். அழுத்துகிறபோதே குதிக்கிறான், நினைக்கிறபோதே குதிக்கிறான் என்றுகூடச் சொல்லலாம், இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டாவது ஸ்டேஜ், தண்ணீர் சொட்டுகிற குகை, மூன்றாவது, தள்ளுவண்டிகள். தோள் இறங்கியது, உதட்டில் சிரிப்பு வந்திருந்தது, அவளுக்கே தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு முழு மணி நேரம் விளையாடியிருக்கிறாளா? சின்ன வயசில் மட்டும் விளையாடினாளா என்ன. டிவி கேம் லூர்து அண்ணனுடையது, அப்பா அவனுக்குத்தான் வாங்கிக்கொடுத்தார். அவனும் பக்கத்து வீட்டு கெவினும் இன்னும் நாலு பையன்களும் முன்னறையை அடைத்துக்கொண்டு உட்காருவார்கள், இவள் அடுப்படியில் வெங்காயம் உரிப்பாள். நாலாவது ஸ்டேஜ் வந்ததும் சத்தம் அடங்கும். பிலோ, மூணு பலகைக்கு வா என்று அண்ணன் கூப்பிடுவான். பாதாளத்துக்கு மேல் தொங்குகிற மூன்று பலகைகள், கால் பட்டதும் உதிர்ந்துவிடும், நின்று யோசிக்க முடியாது, ஓரத்திலும் ஓரத்தில் வைத்துத்தான் அழுத்த வேண்டும். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். டக், டக், டக். தாண்டியதும் கையிலிருந்து விளையாட்டு ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை, வெங்காயத்துக்குப் போய்விடுவாள். ஆனால் அந்த மூன்று டக் அவளுடையது. காலனியிலேயே வேறு யாருக்கும் வராதது. பொறாமையில் கெவின் ஒருதரம் ரிமோட்டால் தலையிலேயே அடித்தான். பின்னாளில் ஊசி பிடித்தபோது, முதல் குத்திலேயே ரத்தம் ஏறியபோது, உனக்குக் கை ராசி என்று சீனியர் அக்கா சொன்னபோது, இது அந்த டக் என்றுதான் நினைத்துக்கொண்டாள். அது ராசி இல்லை, கட்டைவிரல்.

நாலாவது ஸ்டேஜ். திரையில் மூன்று லைஃப் என்று மூன்று குட்டி லாந்தர்கள். வெளியே யாரோ பழைய பேப்பர், இரும்பு என்று கூவிக்கொண்டு போனார்கள், அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தாள், போன பிறகும் காத்திருந்தாள். ஓடினாள். முதல் பலகை, டக். இரண்டாவது, டக் என்று நினைத்தாள், நினைத்தது தலையில், விரலில் வரும்போது பலகை இல்லை. விழுந்தான். பாதாளத்தில் லாந்தர் வெளிச்சம் சின்னதாகிப் போய் அணைந்தது. பரவாயில்ல சிஸ்டர். சே, முதல் தடவை, கை பழக வேண்டாமா, முப்பது வருஷம் ஆயிற்றே, எவளுக்கும்தான் பழக வேண்டும். பழக்கமா, அதுவா. மெஷின் என்ற சாக்கு போய்விட்டது, பழக்கம் என்ற சாக்கு இன்னும் மிச்சம், அதை அந்த ஆள் எழுதவில்லை. மறுபடி ஓடினாள். டக், டக், மூன்றாவதில் கட்டைவிரல் அந்தக் குழந்தையின் கையில் செய்ததையே செய்தது, ஒரு சின்ன இழுப்பு, சேற்றிலிருந்து காலை எடுக்கிற மாதிரி. விழுந்தான். ஒரு லாந்தர்தான் மிச்சம். வேண்டாம், எடுத்துக் கட்டி வைத்துவிடலாம், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, பூண்டு உரித்து வைத்தால் கறிக்கு ஆகும். அப்போது ஃபோன் அடித்தது, ரிமோட்டைக் கீழே நழுவவிட்டாள். சிங்கப்பூரிலிருந்து லூர்து அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கூப்பிடுவது வழக்கம்தான், ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல மூச்சிரைத்தது. ஆட்டத்தை நிறுத்திவைத்து எடுத்தாள். பூசைக்குப் போகலையா என்றான், தலைவலி என்றாள். மாப்பிள்ளை சொன்னார், என்னமோ வாங்கியிருக்கியாமே, அதே டிவி கேமை அலுமினியத்தில் செய்து விற்கிறானாமே என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, மூணு பலகை ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா. உன்னயக் கூப்புடாம அத எவன் தாண்டுனான்."

"நான் விழவே மாட்டேன்ல?"

"யாரு சொன்னா? பத்துக்கு நாலு தடவ நீயும் விழுவ. நாங்க பத்துக்குப் பத்தும் விழுவோம், அதான் உன்னயக் கூப்புடுறது."

நன்றாக யோசித்துச் சொல் என்றாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றான் அண்ணன். ஒருநாள் மூன்று லைஃபையும் அவள் விட்டுவிட்டாளாம், கெவின் ஆத்திரத்தில் ரிமோட்டால் அவள் தலையில் அடித்தானாம், அப்பா வந்து ஒயரைப் பிடுங்கி இரண்டு வாரம் பீரோவில் வைத்துப் பூட்டினாராம். சரி, கொடுத்த காசுக்குத் தகுமா அது என்று கேட்டான். இன்னும் தெரியலண்ணே என்றாள். வேறு என்னவோ பேசினான், அண்ணிக்குக் கால் வலி, டிசம்பரில் வரலாம், உம் கொட்டினாள், வைத்துவிட்டான்.

பத்துக்கு நாலு. அப்படியென்றால் கெவின் பொறாமையில் அடிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக அந்த அடியை ஒரு பதக்கம் மாதிரி வைத்திருந்தாள், அது விழுந்ததற்கு வாங்கிய அடி. மெஷினில் ஒரு துளி பிசகு இருக்கக் கூடாது என்று தேடித் தேடி, நாற்பத்தோராயிரம் கொடுத்து வாங்கினாள். அளந்து பார்க்க வைத்திருந்த ஞாபகத்தில்தான் இத்தனை பிசகு. அதை இழைத்துக் கொடுக்க எந்தக் கம்பெனி இருக்கிறது. பத்துக்கு நாலு என்றால் இப்போது இரண்டு தடவை விழுந்தது ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வயசிலும் விழுந்தாள், நாற்பத்து நாலிலும் விழுகிறாள், அதற்குப் பெயர் நோய் இல்லை, விளையாட்டு. ஒரு கதவு திறந்துகொண்டது போல நெஞ்சில் காற்று வந்தது. நாளை காலை வழக்கம்போல ஏழு ஐம்பது பஸ், கண் சரியாகிவிட்டது என்று ஷாஹிதாவிடம் சொல்லலாம், குழந்தைகளை அனுப்பு என்று சொல்லலாம். அனுப்பு என்று சொல்லலாமா? ரோஸ் கலர் சட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பத்துக்கு நாலு என்று அந்தத் தாயிடம் சொல்வாளா. இங்கே விழுந்தால் லாந்தர் அணைகிறது, அங்கே நெல்லிக்காய் அளவு நீலம். கதவை அவளே சாத்தினாள். ஒன்றை முழுதாகப் பார்த்துவிட வேண்டும், பிறகு எது வேண்டுமானாலும் ஆகட்டும். ரிமோட்டை எடுத்தாள். இந்தத் தடவை யோசிக்கவில்லை, எண்ணவில்லை, கையைப் பாவாடையில் துடைக்கிற ஞாபகத்தில் நைட்டியில் துடைத்தாள், ஓடினாள். டக். டக். விரல் கனத்தது, அந்தச் சேறு, அந்தச் சேற்றிலிருந்தே அழுத்தினாள். டக். சுரங்கத்தான் அந்தப் பக்கம் நின்றான்.

நின்றான். மூன்று பலகையும் அவனுக்குப் பின்னால் உதிர்ந்துகொண்டிருந்தன. பிலோமினாவுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முதல் முறையாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, இன்னொரு குகை, ஒரு ஏணி, அவ்வளவுதான். அதற்கே கண்ணில் நீர் வந்தது. ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு ரிமோட்டைப் பாயில் வைத்தாள், சுவரில் சாய்ந்தாள், இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு மூச்சை விட்டாள். ஆறு மாதமாக இப்படி மூச்சு விட்டதில்லை. அப்போது மடியில் என்னவோ நகர்ந்தது. குனிந்து பார்த்தாள். வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேடிப் போய்த் தொட்டது, விலகியது, தொட்டது, சோற்றுப் பருக்கையை உருட்டுகிற மாதிரி, மெதுவாக, ஒரே தாளத்தில். அவள் உருட்டவில்லை. நில் என்று மனசுக்குள் சொன்னாள், நிற்கவில்லை. அழுத்தும்போது அந்த விரலால் இன்னும் முடிகிறது, சும்மா இருக்கும்போதுதான் அதனால் சும்மா இருக்க முடியவில்லை. லேபில் காத்திருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், கையைப் பார்த்ததுமே பெயர் வரும் அவளுக்கு. தன் மடியில் பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை. சாவி, பேனா, ஜெபமாலை, கைக்குட்டை, எப்போதும் எதையாவது அந்தக் கையில் திணித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், ஏன் என்று கேட்டுக்கொள்ளாமலே. கடைசியில் நாற்பத்தோராயிரத்துக்கும் ஒன்றைத் திணித்தாள். பார்க்கின்சன் என்று முதல் தடவையாக உள்ளுக்குள் முழுதாகச் சொன்னாள். இருக்கலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டதால் கூரை விழவில்லை. பயம் இருந்தது, ஆனால் இவ்வளவு நாள் அறையெல்லாம் பரவிக் கிடந்தது இப்போது மடியளவுக்கு வந்திருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பதினொன்றரைகூட ஆகவில்லை. ரிமோட் எட்டும் தூரத்தில் கிடந்தது, எடுத்தால் போதும், விரல் அடங்கிவிடும், அவர் உள்ளே வரும்போது விளையாடிக்கொண்டிருக்கிற பெண்டாட்டியைத்தான் பார்ப்பார். எடுக்கவில்லை. அருளப்பன் கறிப்பையோடு வந்தார், டிவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தலைவலி போய்விட்டதா என்று கேட்டார், அதில் குத்தல் இல்லை.

"என்னங்க, இங்க வந்து உக்காருங்க. இதப் பாருங்க."

அவர் பையை வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார்.

"டிவிய இல்லங்க. கைய."

பார்த்தார். ஓடுகிற மெஷினில் எங்கே பிசகு என்று பார்க்கிறவர் போல முதலில் பார்த்தார், பிறகு அப்படிப் பார்க்க அவரால் முடியவில்லை. எப்போதிலிருந்து என்றார். ஜனவரி என்றாள். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள், நெல்லிக்காய் அளவு நீலம் என்று சொன்னாள். நாளைக்கே லேபில் சொல்லிவிட வேண்டும், இனி குழந்தைகளுக்கு ஊசி பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்றாள். டாக்டரை நாளைக்கே பார்க்கலாம், லீவு போடுகிறேன் என்றார் அவர்.

"எங்க ஆஸ்பத்திரி வேணாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"தெரியட்டும், பிலோ."

கறிப்பையிலிருந்து தரையில் ஈரம் படர்ந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அவர் அவளுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். விரல் நின்றது. நின்றுவிட்டதா என்று பார்க்க மெல்லக் கையை விட்டார். மறுபடி தொடங்கியது. அவர் மறுபடி பிடித்துக்கொண்டார்.